ஓவர் என்று ஒரு வார்த்தை

எனக்குக் குரல் கணீரென்று இருக்கும். பதினோரு வருடம் பேருந்தில் கண்டக்டராக இருந்தவனுக்கு வேறு எப்படி இருக்கும்? கடைசி சீட்டுக்காரன் காதில் விழும்படி "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்திக் கத்தி வளர்ந்த குரல் இது. போர் வந்தது. நாற்பது வயதுக்குள் இருக்கிறவர்கள் எல்லாரும் வரவேண்டும் என்றார்கள். போனேன். முதல் நாள் எங்களை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு இரண்டு வரி வாசிக்கச் சொன்னார்கள். நான் வாசித்து முடித்ததும் சார்ஜன்ட் என்னைப் பார்த்து விரலை நீட்டி, "இவன் வயர்லெஸ்" என்றார். மற்றவன் துப்பாக்கியை மட்டும் தூக்கினால் போதும். வயர்லெஸ்காரன் துப்பாக்கியோடு பதினாறு கிலோ பெட்டியையும் முதுகில் தூக்கவேண்டும். வாயால் கெட்டவர்கள் பலர் உண்டு, குரலால் கெட்டவன் நான் ஒருவன்தான்.

அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால் போதும். அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பொத்தானை அழுத்தினால் நாம் பேசலாம், எதிராளி பேசுவது கேட்காது. விட்டால் கேட்கும், பேச முடியாது. அதனால் அவன் சொன்னது காதில் விழுந்துவிட்டது என்பதற்கு முதலில் "கேட்டது" என்று சொல்லவேண்டும். நாம் சொல்ல வேண்டியதைச் சொல்லி, கடைசியில் "ஓவர்" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை விடவேண்டும். நான் முடித்துவிட்டேன், இனி நீ பேசு, நான் கேட்கிறேன் என்று அர்த்தம். காலை ஐந்தரை மணியிலிருந்து வெளிச்சம் மங்கும்வரை இதே பல்லவிதான். கேட்டது, ஓவர். கேட்டது, ஓவர். ஒரு தடவை மறந்தால் பெட்டியோடு மைதானத்தை ஒரு சுற்று ஓடவேண்டும்.

முதல் வாரம் நான் நாற்பத்தொரு சுற்று ஓடினேன். இரண்டாம் வாரம் ஆறு. மூன்றாம் வாரம் ஒன்றுகூட இல்லை. யாரும் பாராட்ட வேண்டாம். புத்தி கற்றுக்கொண்டதல்ல, கால் வலி பொறுக்காமல் நாக்கு தானாகக் கற்றுக்கொண்டது. சாப்பாட்டு மேஜையில், "உப்பைத் தள்ளு, ஓவர்" என்பேன். எதிரே உட்கார்ந்திருக்கும் பூட்டுக்காரர், "தள்ளியாச்சு, ஓவர்" என்பார். அவர் ஊரில் பூட்டு ரிப்பேர் செய்தவர், இங்கே என் கட்டிலுக்கு மேல்கட்டில். மேஜையில் எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, சிரித்த களைப்பில் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார்கள்.

களைப்பு என்றால் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். பேருந்தில் இரட்டை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் விழுந்திருக்கிறேன். அதெல்லாம் விளையாட்டு. இங்கே குதிகால் கொப்புளம் உடைந்து, அதன்மேல் இன்னொரு கொப்புளம் வந்து, அதுவும் உடைந்துவிட்டது. நடந்துகொண்டே தூங்கப் பழகிவிட்டேன். முன்னால் போகிறவன் நின்றால் அவன் முதுகில் முட்டிக்கொண்டு விழிப்பேன். இதில் பெரிய கொடுமை என்னவென்றால், மனைவியை நினைத்து ஏங்கக்கூடத் தெம்பு வேண்டியிருந்தது. படுத்ததும் அவளை நினைக்கவேண்டும் என்று மாலையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வருவேன். தலையணையில் தலை படும், அவ்வளவுதான், காலை விசில் ஊதிவிடுவார்கள். அவளை அவ்வளவு தேடினேன், தேடுவதற்கு நேரமில்லாமல் தேடினேன்.

அவளுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. வெளுத்து வரும் படுக்கை விரிப்புகளை இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுத்து மடிக்கவேண்டும். போர் வந்த பிறகு விரிப்புகள் மலையாகக் குவிகின்றன. எங்கள் வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது, கீழே மருந்துக்கடை. வீட்டில் போன் கிடையாது, கடையில் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு முகாமிலிருந்து ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். நான் கூப்பிட்டதும் மருந்துக்கடைக்காரர் சுவரோரமாக மேலே போகும் தண்ணீர்க் குழாயில் ஸ்பானரால் மூன்று தட்டு தட்டுவார். சத்தம் குழாய் வழியாக எங்கள் சமையலறைக்குப் போகும். அவள் படியிறங்கி ஓடி வருவாள். அதில் ஒரு நிமிடம் போய்விடும். அந்த ஒரு நிமிடமும் அவள் செருப்புச் சத்தம் எப்போது கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன்.

முதல் இரண்டு ஞாயிறும் ஊர்க் கதைதான். சாப்பிட்டீங்களா, தூங்கறீங்களா, கால் எப்படி இருக்கு. மூன்றாவது ஞாயிறு அன்று காலையில் எங்களை இருபது கிலோமீட்டர் நடத்திவிட்டிருந்தார்கள். போன் வரிசையில் நான் நின்றுகொண்டே தூங்கிவிட, பூட்டுக்காரர் முதுகில் தட்டி எழுப்பி அனுப்பினார். போன் மேஜையில் ஒரு எழுத்தர், கையில் கடிகாரத்தோடு. அவர் காதிலும் ஒரு ரிசீவர் இருக்கும். பயிற்சி விவரம் யாராவது வாய்விட்டால் உடனே இணைப்பைத் துண்டிப்பது அவர் வேலை.

அன்று அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

"ஏங்க, இன்னைக்கு ஒண்ணு நடந்துச்சு. மடிக்கும்போது சின்ன விரிப்பு ஒண்ணு வந்துச்சு. ரொம்பச் சின்னது. பிரசவ வார்டுலேருந்து. அத ரெண்டு பேரா மடிக்க வேண்டாம், ஒருத்தரே மடிக்கலாம். நான் மடிச்சிட்டே இருந்தவ, அப்படியே தரையில உக்காந்துட்டேன். அழுதேங்க. எவ்வளவு நேரம்னு தெரியல. சூப்பர்வைசர் அம்மா தண்ணி குடுத்தாங்க. இத்தனை நாள் இல்லாம இப்ப என்னன்னு எனக்கே தெரியல. உங்ககிட்டதான் சொல்லணும்னு தோணுச்சு."

நிறுத்தினாள். லைனில் ஒரு சின்ன 'கிளிக்' சத்தம், வயர்லெஸ்ஸில் பொத்தானை விட்டதுபோல. நான் கண்ணை மூடியிருந்தேனா திறந்திருந்தேனா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் காது திறந்திருந்தது, ஒவ்வொரு சொல்லும் உள்ளே போயிற்று. சொல்லு, இன்னும் சொல்லு என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. வாய் திறந்தது.

"கேட்டுச்சு. ஓவர்."

"என்ன சொன்னீங்க?"

"ஓவர்" என்றேன் மறுபடியும். அவளுக்குக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று, கண்டக்டர் குரலில், இன்னும் கொஞ்சம் கணீரென்று.

"சரி. வெச்சிடறேன்."

வைத்துவிட்டாள். எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் ஐம்பது செகண்ட் இருக்கே" என்றார். லைன் கோளாறு என்று நினைத்துக்கொண்டு நகர்ந்தேன். படுக்கைக் கூடத்துக்குப் போகும் வழியில் பூட்டுக்காரர் பின்னாலேயே வந்தார்.

"ஏம்ப்பா கண்டக்டரு, உனக்கு என்ன, மூளை கழண்டு போச்சா? அந்தப் பொண்ணு அழுதேன்னு சொன்னதா எழுத்தர் சொல்றாரு, நீ பாட்டுக்கு 'ஓவர்'ங்கற?"

அப்போதுதான் உறைத்தது. பூட்டுக்காரர் அதை நாலு பேரிடம் சொன்னார், நாலு பேர் நாற்பது பேரிடம் சொன்னார்கள். சாப்பாட்டுக் கூடம் முழுக்க ஒரே சிரிப்பு. அவர்கள்மேல் கோபமில்லை. வேறு யாருக்காவது நடந்திருந்தால் நானும் மேஜையைத் தட்டிச் சிரித்திருப்பேன்.

எனக்கு ஏன் சிரிப்பு வரவில்லை என்று சொல்லவேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்களுக்கு ஒரு குழந்தை ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. அவள் அழுதாள். முதல் வாரம் எல்லாரும் அவளோடு அழுதார்கள். இரண்டாம் வாரம் என் அக்கா வந்து பார்த்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "உன் பொண்டாட்டி எல்லாத்துக்கும் கொஞ்சம் ஓவர்டா" என்றாள். உள்ளே கேட்டிருக்கும், கதவு திறந்துதான் இருந்தது. நான் அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐந்தாம் வாரம் ஒருநாள் இரட்டை ஷிப்ட் முடித்து வந்தேன். விளக்குக்கூடப் போடாமல் சமையலறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "உனக்கே இது ஓவரா தெரியலையா?" என்றேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து சாப்பாடு எடுத்து வைத்தாள். அதோடு சரி. அன்றிலிருந்து என் முன்னால் அவள் அழுததில்லை. ஒருநாள்கூட. எனக்கு நிம்மதியாக இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தேறிவிட்டாள் என்று நினைத்தேன். இரண்டு வருடம் கழித்து, முன்னூறு கிலோமீட்டர் தள்ளி, போனில்தான் அவள் மறுபடி என்னிடம் வாய் திறந்தாள். நான் அதே வார்த்தையை எடுத்து வீசினேன். இரண்டு தடவை.

அடுத்த ஞாயிறு வரிசையில் முதல் ஆளாக நின்றேன். என்ன சொல்லவேண்டும் என்று வாரம் முழுக்க மனப்பாடம் செய்திருந்தேன். மருந்துக்கடைக்காரர் மூன்று தட்டு தட்டினார். கேட்டது. பிறகு மேலேயிருந்து குழாயில் ஒரே ஒரு தட்டு இறங்கி வந்தது. அதுவும் கேட்டது.

"ஒரு தட்டுன்னா வரலன்னு அர்த்தம் தம்பி" என்றார் அவர் சங்கடத்தோடு. "வேலை இருக்கும் போல."

"அண்ணே, நீங்களே சொல்லிடுங்க. அன்னைக்கு நான் சொன்னது அந்த அர்த்தத்துல இல்ல. இங்க வயர்லெஸ்ல பேசி முடிச்சா கடைசியில..."

லைன் செத்துவிட்டது. எழுத்தரின் விரல் போன் கொக்கியின்மேல் இருந்தது.

"பயிற்சி விவரம்" என்றார். கெட்டவர் இல்லை. அவர் கண்ணும் தூக்கமில்லாமல் சிவந்துதான் கிடந்தது.

கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம், பொடி எழுத்தில். நான்கு நாள் கழித்து சார்ஜன்ட் கூப்பிட்டு அனுப்பினார். மேஜைமேல் என் கடிதம் கிடந்தது. முக்கால்வாசி வரிகளில் கறுப்பு மை பூசியிருந்தார்கள்.

"வயர்லெஸ் நடைமுறை பத்தி வெளிய எழுதக்கூடாதுன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்?"

"சார், நான் எழுதினது என் பொண்டாட்டிக்கு."

"நீ எழுதறது அவங்களுக்கு. படிக்கறது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"ஒரே ஒரு வார்த்தை சார். அதுக்கு என்ன அர்த்தம்னு மட்டும்தான். ஊர்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்ச விஷயம்."

"அப்ப அவங்களுக்கும் தெரிஞ்சிருக்குமே. அப்புறம் எதுக்கு எழுதற?"

சார்ஜன்ட் கண்ணைக் கசக்கிக்கொண்டார். இப்படியே அனுப்பட்டுமா, நீயே வைத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். நானே வைத்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கால்மணி நேரம் ஓய்வு உண்டு. கட்டிலில் உட்கார்ந்து, மைக்கு நடுவே மிச்சமிருந்ததைப் படித்தேன்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. விளக்கம் சொன்ன வரிகள் அத்தனையும் போய்விட்டிருந்தன. "எல்லாரிடமும் நாள் முழுக்க அதையேதான் சொல்கிறேன்" என்ற வரி தப்பித்திருந்தது. இது அவள் கையில் போய்ச் சேர்ந்திருந்தால் என்னை விவாகரத்தே செய்திருப்பாள். அதற்குக் கீழே ஒரு வரி, ஒரு எழுத்துக்கூட மை படாமல் முழுசாக இருந்தது. "நீ அழுவது அதிகம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை."

அதை நான்தான் எழுதியிருந்தேன். என் கையெழுத்துதான். எழுதும்போது உண்மை என்று நம்பித்தான் எழுதியிருக்கிறேன். சுற்றியிருந்த விளக்கமெல்லாம் அழிந்துபோய் அந்த வரி மட்டும் தனியாக நிற்கும்போதுதான் அது பச்சைப் பொய் என்று தெரிந்தது. சொல்லியிருக்கிறேன். சமையலறையில் நின்று, தமிழில், அர்த்தம் தெரிந்து, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். போனில் வாய் தவறிச் சொன்னதற்கு இரண்டு பக்கம் விளக்கம் எழுதினேன். வேண்டுமென்றே சொன்னதற்கு இரண்டு வருடத்தில் ஒரு வரி எழுதவில்லை. வயர்லெஸ்ஸைப் பற்றி அவளுக்குத் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன? அவள் மாடியிலிருந்து இறங்கி வராதது போனில் சொன்ன வார்த்தைக்காக மட்டுமா?

மேல்கட்டிலிலிருந்து பூட்டுக்காரர் தலையைத் தொங்கவிட்டுக் கேட்டார். "என்னப்பா, திருப்பிக் குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்க."

"இப்ப என்ன பண்ணப் போற?"

"தெரியல. தூங்கணும்."

"அத மட்டும் கேக்காத" என்று தலையை இழுத்துக்கொண்டார்.

எட்டு வாரப் பயிற்சியை ஆறு வாரத்தோடு முடித்துக்கொண்டார்கள். அங்கே போர்முனையில் ஆள் போதவில்லையாம். புதன்கிழமை கிளம்பவேண்டும். ஞாயிறன்று கடைசி அழைப்பு என்று எல்லார் வீட்டுக்கும் முன்கூட்டியே தந்தி போயிற்று. மற்றப் பிரிவுகளையும் சேர்த்து இருநூறு பேர் இருந்தோம், அதனால் ஆளுக்கு ஒரு நிமிடம். படியிறங்கி வர அதில் நேரம் கிடையாது. அவள் முன்பே கீழே வந்து நின்றால் உண்டு, இல்லையென்றால் இல்லை. தந்தியைப் பார்த்த பிறகும் வராமல் இருந்துவிட்டால், நான் அந்த ஒரு வார்த்தையோடுதான் போகவேண்டும். அவளும் அந்த ஒரு வார்த்தையோடுதான் இருக்கவேண்டும், ஒருவேளை நான் திரும்பி வராவிட்டால் ஆயுசுக்கும்.

கூடத்தில் அன்று ஐந்து போன்கள் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிசீவர்க்காரர், ஒரு கடிகாரம். எங்கு பார்த்தாலும் ஆட்கள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு இன்னொரு காதில் கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாய்த்தவர் அதே எழுத்தர். எண்ணைச் சுழற்றினார். மணி ஒரு தடவைதான் அடித்தது.

"சொல்லுங்க" என்றாள்.

மருந்துக்கடைக்காரர் இல்லை. அவளேதான். குரலில் ஒரு பசையும் இல்லை, ஆனாலும் வந்து நிற்கிறாள். எழுத்தர் கடிகாரத்தைத் தட்டிவிட்டார்.

"அன்னைக்கு சமையலறையில நான் ஒரு வார்த்தை சொன்னேன்" என்றேன். "ரெண்டு வருஷம் முன்னாடி. அஞ்சாவது வாரம். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு" என்றாள்.

"அது தப்பு. நீ அழுதது கொஞ்சம்கூட அதிகம் இல்ல. நான்தான் கொஞ்சம்கூட அழல. உன்னப் பாத்தா எனக்கும் வந்துடும்னு பயம். அதான் உன் வாய அடைச்சேன். அக்கா சொன்னப்பவும் சும்மா நின்னேன். அதுவும் தப்பு."

"அன்னைக்கு போன்ல சொன்னது?"

"அது வேற. களைப்புல வாய் தவறி வந்தது. இங்க அதுக்கு அர்த்தமே வேற, வந்து சொல்றேன். அது போகட்டும். இதத்தான் நான் சொல்லணும்."

எழுத்தர் முப்பது என்று விரலால் காட்டினார். மனப்பாடம் செய்து வைத்தது இன்னும் நாலு வாக்கியம் இருந்தது. சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டேன். அது எனக்குச் சுலபமாக வருகிற காரியமில்லை. அந்தப் பக்கம் கடைக்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது, யாரோ இருமல் மருந்து கேட்டார்கள். பிறகு அவள் மூச்சு உடைந்தது.

"இங்க எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் அழுகைக்கு நடுவே.

"பாக்கட்டும். நீ அழு."

அழுதாள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். இரண்டு வருடத்து அழுகைக்கு எனக்குக் கிடைத்தது பதினைந்து விநாடி. என் கண்ணிலும் வந்தது, துடைக்கவில்லை. எழுத்தர் பத்து என்று காட்டவேண்டியவர், காட்டாமல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அதுக்கு ஒரு பேரு வெச்சிருந்தேன்" என்றாள். "யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்டயும்."

"சொல்லு."

சொன்னாள். சின்னப் பெயர், மூன்றே எழுத்து. அதை இங்கே எழுத மாட்டேன், அது அவள் எனக்குக் கொடுத்தது.

கூடம் முழுக்க ஒரே இரைச்சல். எதைத் தப்பாகக் கேட்டாலும் பரவாயில்லை, இதைத் தப்பாகக் கேட்டுவிடக்கூடாது. என் குரல் முழுவதையும் எடுத்து அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னேன். பக்கத்துப் போன்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். எங்கள் குழந்தையை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"ஆமாங்க" என்றாள் என் மனைவி. "அதான் பேரு."